கோல்ஃப் கார்ட் மேட்டில் திணறினால்: பவரைக் கூட்டும் முன் அது எங்கே போகிறது என்று பாருங்கள்

கேள்வியின் சுருக்கம் இதுதான்: 36 வோல்ட் எலெக்ட்ரிக் கோல்ஃப் கார்ட், சீரிஸ் மோட்டார் (உள்ளே எல்லாச் சுருளிலும் ஒரே கரண்ட் ஓடும் வகை), ஆறு 6 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரி. பின்னால் சீட் போட்டு நான்கு பேர் போகிறார்கள். 18 அங்குல டயரைக் கழற்றிவிட்டு 22 அங்குலம் மாட்டியிருக்கிறார்கள். சமதளத்தில் பரவாயில்லை, மேட்டில் பக்கத்தில் நடப்பவர் முந்திப் போகிறார். 500 ஆம்பியர் கண்ட்ரோலர் போட்டால் சரியாகிவிடுமா, மோட்டாரையும் மாற்ற வேண்டுமா?

கண்ட்ரோலரை, அதாவது மோட்டாருக்கு எவ்வளவு கரண்ட் போக வேண்டும் என்று கட்டுப்படுத்தும் பெட்டியை, இப்போதே ஆர்டர் போட வேண்டாம். அது தேவைப்படலாம், ஆனால் முதல் வேலை அது இல்லை. பேட்டரி, கேபிள், சோலனாய்டு (மெயின் கரண்டை இணைத்துத் துண்டிக்கும் மின்காந்த சுவிட்ச்), கண்ட்ரோலர், ரிவர்ஸ் சுவிட்ச், மோட்டார், கியர், டயர் என்று எல்லாம் ஒரே வரிசையில் நிற்கின்றன. இதில் எது சோர்ந்து போயிருக்கிறதோ அதுதான் வண்டியின் பவரைத் தீர்மானிக்கும். நன்றாக இருக்கும் பாகத்தை எடுத்துவிட்டு இன்னும் நல்லதைப் போட்டால் பணம் போகும், மேடு அப்படியே இருக்கும்.

அதனால் முதல் செலவு ஒரு மல்டிமீட்டர். பேட்டரியை முழுதாக சார்ஜ் செய்து சில மணி நேரம் சும்மா விடுங்கள். 36 வோல்ட் செட் என்றால் மொத்தம் 38.2 வோல்ட் அளவில் காட்ட வேண்டும். அப்புறம் நீளமான வயர் வைத்து மீட்டரை முன் சீட்டுக்குக் கொண்டுவந்து, நான்கு பேரையும் ஏற்றிக்கொண்டு அதே மேட்டில் ஏறுங்கள். ஆரோக்கியமான பேட்டரிகள் 33, 34 வோல்ட் பக்கத்தில் நிற்கும். 31.5-க்குக் கீழே, அதாவது ஒரு செல்லுக்கு 1.75 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் பேட்டரி கை கொடுக்கவில்லை என்று அர்த்தம். அந்த நிலையில் பெரிய கண்ட்ரோலர் போட்டால் வோல்ட்டேஜ் இன்னும் வேகமாகச் சரியும், அவ்வளவுதான்.

ஆறு பேட்டரியையும் தனித்தனியாக இதே மாதிரி லோடில் பாருங்கள். சும்மா நிற்கும்போது எல்லாமே 6.3 காட்டும், அதை நம்ப முடியாது. மேட்டில் ஐந்து பேட்டரி ஐந்தரை வோல்ட்டில் நிற்க ஒன்று மட்டும் நாலரைக்குச் சரிந்தால் குற்றவாளி கிடைத்துவிட்டது. ஒரு செல் பலவீனமானாலே அந்தத் தொடரில் ஓடும் மொத்தக் கரண்டும் அதன் வழியாகத்தான் போக வேண்டும். மூடி திறக்கும் பேட்டரி என்றால் ஆசிட்டின் அடர்த்தியைக் காட்டும் ஹைட்ரோமீட்டரால் ஒவ்வொரு செல்லையும் பார்க்கலாம். முழு சார்ஜில் 1.270-க்குக் கொஞ்சம் மேலே காட்ட வேண்டும். செல்களுக்குள் பெரிய வித்தியாசம் இருக்கக் கூடாது.

அடுத்து இணைப்புகள். ஆறு பேட்டரிக்குப் பன்னிரண்டு போஸ்ட் (பேட்டரியின் முனை), ஒவ்வொன்றிலும் ஒரு லக் (கேபிள் நுனியில் மாட்டும் வளையம்). மீட்டரின் ஒரு முனையை பேட்டரி போஸ்டின் ஈயத்தின் மேலும், இன்னொன்றைக் கேபிளின் லக் மேலும் வைத்து லோடில் பாருங்கள். 0.1 வோல்ட் காட்டினாலே அது கெட்ட இணைப்பு. 200 ஆம்பியரில் அந்த ஒரு இடத்தில் மட்டும் 20 வாட் சூடாகிறது, லக் கையைச் சுடும். பல வண்டிகளில் நான் பார்க்கும் கோளாறு ஒன்று உண்டு: போஸ்டுக்கும் லக்குக்கும் நடுவில் வாஷர். லக் நேராக ஈயத்தில் உட்கார வேண்டும், வாஷர் அதற்கு மேலே, நட் அதற்கும் மேலே. ஸ்டெயின்லெஸ் வாஷர் நடுவில் மாட்டிக்கொண்டால் கரண்ட் முழுவதும் ஒரு மோசமான கடத்தியின் வழியாகப் போகிறது. ஐந்து நிமிட வேலை, சில வண்டிகளில் அதுவே பாதி வைத்தியம்.

பின் சக்கரத்தை ஜாக்கில் தூக்கி, நியூட்ரலில் கையால் சுற்றி, பிரேக் உரசுகிறதா என்றும் பார்த்துவிடுங்கள். டயர் காற்றையும்தான். ஒரு எச்சரிக்கை: தூக்கி வைத்த நிலையில் ஆக்சிலரேட்டரை முழுதாக மிதிக்காதீர்கள். சீரிஸ் மோட்டாருக்கு லோடு இல்லையென்றால் வேகத்துக்கு எல்லை கிடையாது. சுற்றிக்கொண்டே போய் ஆர்மேச்சர் (மோட்டாருக்குள் சுற்றும் பாகம்) சுருள் பிய்த்துக்கொண்டு வெளியே வரும்.

இதெல்லாம் சரியாக இருந்தும் திணறுகிறது என்றால் இப்போது கணக்குப் போடலாம். பேட்டரியோடு வண்டி 450 கிலோ, நான்கு பேர் 280 கிலோ, மொத்தம் 730. பதினைந்து சதவீத மேடு, அதாவது 100 மீட்டர் போனால் 15 மீட்டர் ஏறுகிற சரிவு. அதில் மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் போகச் சக்கரத்தில் ஏறக்குறைய 5 கிலோவாட் வேண்டும். மோட்டார், கியர், கண்ட்ரோலர் இழப்பெல்லாம் சேர்த்து பேட்டரியிலிருந்து 7 கிலோவாட் எடுக்க வேண்டியிருக்கும். லோடில் 33 வோல்ட் என்றால் 210 ஆம்பியருக்கு மேல். வண்டியோடு வரும் கண்ட்ரோலர்கள் பொதுவாக 225 முதல் 300 ஆம்பியருக்குள் இருக்கும். இரண்டு பேர் உட்கார்ந்து போகிற வண்டிக்கு அது தாராளம். நான்கு பேரை ஏற்றியதும் எல்லையில் போய் நிற்கிறது.

அதற்கு மேல் டயர். 18-லிருந்து 22 அங்குலத்துக்குப் போனதும் அதே மேட்டில் மோட்டார் 22 சதவீதம் கூடுதல் முறுக்குவிசை கொடுக்க வேண்டும். சமதளத்தில் கொஞ்சம் வேகம் கிடைத்திருக்கும், அதற்கு மேட்டில் விலை கொடுக்கிறீர்கள். பழைய டயர்கள் இன்னும் கிடக்கின்றன என்றால் ஒரு நாள் மாட்டி அதே மேட்டில் ஏறிப் பாருங்கள். செலவில்லாத அப்கிரேடு அதுதான், ஆனால் டயர் மாற்றிய யாரும் அதைக் கேட்க விரும்புவதில்லை.

இங்கே ஒரு விஷயம் மனதில் பதிந்துவிட்டால் மீதி எல்லாம் சுலபம். பிரஷ் மோட்டாரில் (உங்கள் சீரிஸ் மோட்டாரும் அந்த வகைதான்) வோல்ட்டேஜ் வேகத்தைக் கொடுக்கும், ஆம்பியர் இழுவையைக் கொடுக்கும். மேட்டில் நின்ற இடத்திலிருந்து கிளம்ப ஆம்பியர் வேண்டும். ஏறிக்கொண்டிருக்கும்போது வேகம் குறையாமல் இருக்க வோல்ட்டேஜும் வேண்டும். மோட்டார் வேகமாகச் சுற்றச் சுற்ற அதுவே எதிர் வோல்ட்டேஜை உண்டாக்கும். பேட்டரி வோல்ட்டேஜ் அதைத் தாண்டி எவ்வளவு இருக்கிறதோ, அதுதான் கரண்டைத் தள்ளுகிறது. எனவே 500 ஆம்பியர் கண்ட்ரோலர் கிளம்பும்போது ஆளைப் பின்னால் தள்ளும். டாப் ஸ்பீடில் பெரிய மாற்றம் எதுவும் தெரியாது. "புதுசு போட்டும் ஸ்பீடு ஏறவே இல்லை" என்ற புலம்பலுக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

உங்கள் பேட்டரிகள் வயதானவை என்றால் மாற்றும்போதே 48 வோல்ட்டுக்குப் போய்விடுங்கள் என்பது என் யோசனை. 6 வோல்ட் பேட்டரி ஆறு இருந்த அதே டிரேயில் 8 வோல்ட் பேட்டரி ஆறு உட்காரும். வேகம் மூன்றில் ஒரு பங்கு கூடும். அதே 7 கிலோவாட்டுக்குக் கரண்ட் 160 ஆம்பியர் அளவுக்கு இறங்கும், கேபிள், சோலனாய்டு எல்லாவற்றுக்கும் நிம்மதி. ஆனால் தூரமும் கூடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். 6 வோல்ட் பேட்டரியின் கொள்ளளவு பொதுவாக 225 ஆம்பியர் அவர் (Ah), 8 வோல்ட் 170 ஆம்பியர் அவர். 36-ஐ 225-ஆல் பெருக்கினால் 8.1 யூனிட், 48-ஐ 170-ஆல் பெருக்கினால் 8.16 யூனிட். ஏறக்குறைய அதே பெட்டிக்குள் மூன்று செல்லுக்குப் பதில் நான்கு செல், அவ்வளவே. ஈயமும் ஆசிட்டும் அதே அளவுதான்.

48-க்குப் போனால் கூடவே மாற வேண்டியவை: சார்ஜர், சோலனாய்டு, கண்ட்ரோலர் 36-க்கு மட்டுமானது என்றால் அதுவும். விளக்கு, ஹாரன் எல்லாம் இரண்டு பேட்டரியிலிருந்து 12 வோல்ட் பிரித்து எடுத்திருந்தால் அந்தப் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். 8 வோல்ட் பேட்டரியில் 12 வராது என்பது ஒரு பக்கம். அந்த இரண்டு பேட்டரி மட்டும் தினமும் கூடுதலாக இறங்கி, மற்றவற்றுக்கு முன்னால் சாகும் என்பது இன்னொரு பக்கம். மொத்த செட்டிலிருந்தும் எடுக்கிற மாதிரி ஒரு டிசி-டிசி கன்வெர்ட்டர் போடுவதுதான் சரி. மோட்டாரை மட்டும் அப்படியே விடலாம். 36 வோல்ட் சீரிஸ் மோட்டார்கள் பொதுவாக 48-ஐத் தாங்கும். சூட்டைக் கவனித்துக்கொள்ள வேண்டும்.

கண்ட்ரோலர் வாங்கும் முன் மோட்டாரின் வகையை உங்கள் கண்ணால் உறுதி செய்துகொள்ளுங்கள். நான்கு டெர்மினலிலும் தடித்த கேபிள் என்றால் சீரிஸ். இரண்டு தடித்தது, இரண்டு மெல்லிய வயர் என்றால் ஷன்ட், அதாவது ஃபீல்டுக்குத் தனியாகக் கரண்ட் போகிற வகை. மூன்று தடித்த கேபிள் என்றால் ஏசி. ஒன்றின் கண்ட்ரோலர் இன்னொன்றுக்கு ஆகாது. கண்ட்ரோலர் செய்யும் ஆல்ட்ராக்ஸ் கம்பெனியிலேயே சீரிஸுக்கு எஸ்ஆர், ஷன்டுக்கு எக்ஸ்சிடி என்று தனித்தனி வரிசை இருக்கிறது. ஷன்ட் மோட்டார் வண்டிகளில் ஸ்பீடு சென்சார் ஒன்று வேகத்தைக் கட்டிப்போட்டிருக்கும். அங்கே கண்ட்ரோலர் செட்டிங்கை மாற்றினாலே பலன் கிடைப்பதுண்டு. உங்களுடையதில் அந்த வழி இல்லை.

அளவு என்று வந்தால் உங்களுக்கு 400 ஆம்பியர் போதும் என்பேன். 275-லிருந்து 400-க்குப் போனாலே இழுவை ஏறக்குறைய பாதியளவு கூடும். 500, 600 எல்லாம் பெரிய மோட்டாரும் அதற்கேற்ற பேட்டரியும் இருந்தால்தான் பொருந்தும். 36, 48 இரண்டிலும் வேலை செய்கிற மாடலாக வாங்கினால் பின்னால் வோல்ட்டேஜ் மாற்றும்போது மறுபடி செலவு இல்லை. அதன் உச்ச வோல்ட்டேஜ் எவ்வளவு என்று கட்டாயம் பாருங்கள். 16 செல் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரியைப் பேச்சுக்கு 48 என்று சொன்னாலும் முழு சார்ஜில் 58 வோல்ட்டைத் தொடும்.

இனி கேபிள். இங்கேதான் பலரும் கஞ்சத்தனம் பார்க்கிறார்கள். பேட்டரிக்கு நடுவில் போகும் துண்டுகள், கண்ட்ரோலருக்கு, மோட்டாருக்குப் போவது எல்லாம் சேர்த்து நான்கு மீட்டர் என்று வையுங்கள். 16 ஸ்கொயர் எம்எம் கேபிளில் 300 ஆம்பியர் ஓடும்போது ஒன்றரை வோல்ட்டுக்குக் கொஞ்சம் குறைவாகத் தொலையும், 430 வாட் வெறும் சூடாகப் போகும். அதையே 50 ஸ்கொயர் எம்எம்மில் போட்டால் தொலைவது அரை வோல்ட்டுக்கும் குறைவு, சூடு 140 வாட். மெல்லிய இழைகள் நிறைய உள்ள, வளைகிற செம்புக் கேபிளாக இருக்கட்டும். அலுமினியத்துக்குச் செம்புப் பூச்சுப் பூசியது மலிவாகக் கிடைக்கும், அது வேண்டாம். லக்கை ஹைட்ராலிக் கிரிம்பரால் அழுத்த வேண்டும். சுத்தியலால் தட்டிய லக் பார்க்க இறுக்கமாகத்தான் தெரியும், ஆறு மாதத்தில் உள்ளே பச்சை பிடித்து நிற்கும்.

சோலனாய்டு சின்னப் பொருள், விபத்து மட்டும் பெரிது. பழைய 200 ஆம்பியர் சோலனாய்டை வைத்துக்கொண்டு 400 ஆம்பியர் கண்ட்ரோலர் போட்டால் அதன் கான்டாக்ட் ஒருநாள் ஒட்டிக்கொள்ளும். பெடலை விட்டாலும் கரண்ட் கட் ஆகாது. 400 ஆம்பியர் ரேட்டிங்கில், காயில் வோல்ட்டேஜ் உங்கள் செட்டுக்குச் சரியாக உள்ளதை வாங்குங்கள். அதன் இரண்டு பெரிய போல்ட்டுக்கும் குறுக்கே ஒரு ரெசிஸ்டர் இருக்கும். வேண்டாத சாமான் என்று நினைத்து அதைக் கழற்றிவிடக் கூடாது. கண்ட்ரோலருக்குள் இருக்கும் கெப்பாசிட்டர்களை மெதுவாக நிரப்பி வைப்பது அதுதான். இல்லையென்றால் ஒவ்வொரு "க்ளிக்"கிலும் உள்ளே நெருப்புப் பொறி. காயிலுக்குக் குறுக்கே டையோடு போடும்போது கோடு இருக்கிற முனை பாசிட்டிவ் பக்கம். ரிவர்ஸ் சுவிட்ச்சும் இதே கதைதான். சீரிஸ் வண்டியில் மோட்டாரின் முழுக் கரண்டும் அதன் வழியாகப் போகிறது. பித்தளைக் கான்டாக்ட் கருத்து, பக்கத்துப் பிளாஸ்டிக் உருகியிருந்தால் ஹெவி டியூட்டி சுவிட்ச் வேண்டும். பேட்டரி பாசிட்டிவுக்குப் பக்கத்திலேயே ஒரு மெயின் ஃபியூஸும் போட்டுவிடுங்கள். பல பழைய வண்டிகளில் அது கிடையாது.

மோட்டாரைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் உண்டு. நல்ல நிலையில் இருக்கும் மோட்டார் தன் ரேட்டிங்கைவிடப் பல மடங்கு பவரைச் சில நொடிகளுக்குத் தரும், தடுப்பது சூடு மட்டும்தான். கரண்ட் 275-லிருந்து 400 ஆனால் சுருளில் சூடு இரண்டு மடங்குக்கு மேல் ஆகிறது. அதோடு, பேட்டரி மீட்டரில் தெரிவது மோட்டாருக்குள் ஓடும் கரண்ட் இல்லை. வேகம் குறைவாக இருக்கும்போது கண்ட்ரோலர் வோல்ட்டேஜை இறக்கிக் கரண்டை ஏற்றிக் கொடுக்கிறது. பேட்டரியிலிருந்து 100 ஆம்பியர் எடுக்கும்போதே மோட்டாருக்குள் 300 ஓடலாம். அதனால்தான் மேட்டில் ஊர்ந்து போவது மோட்டாருக்கு மிகவும் கெடுதல், வேகமாக ஏறிப் போவது அவ்வளவு கெடுதல் இல்லை. மேட்டில் நிற்க வேண்டியிருந்தால் பிரேக்கைப் போடுங்கள். ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்தே வண்டியைப் பிடித்து நிறுத்தும் பழக்கம் சிலருக்கு உண்டு. மோட்டார் சுற்றாமல் நிற்க, பிரஷுக்கு அடியில் இருக்கும் கம்யூட்டேட்டரின் (பிரஷ் உரசச் சுற்றும் செம்பு உருளை) ஒன்றிரண்டு செம்புப் பட்டைகள் மட்டும் மொத்தக் கரண்டையும் வாங்கிக் கருகும். அதற்கப்புறம் அந்த மோட்டார் பிரஷைத் தின்றுகொண்டே இருக்கும்.

பிரஷ் கவரைத் திறந்து ஒரு டார்ச் அடித்துப் பாருங்கள். கம்யூட்டேட்டர் சாக்லேட் நிறத்தில், வழவழப்பாக இருந்தால் சந்தோஷம். கருப்புத் திட்டுகள், பள்ளங்கள், எரிந்த வார்னிஷ் வாடை என்றால் அந்த மோட்டார் 400 ஆம்பியருக்குத் தாங்காது. அப்போது மாற்ற வேண்டியதுதான். வாங்கும்போது டார்க் (torque) மோட்டார், அதாவது முறுக்குவிசை கூடியது, கேளுங்கள், ஸ்பீடு மோட்டார் உங்கள் மேட்டுக்கு உதவாது. ஷாஃப்ட் இணையும் இடத்தில் உள்ள பல் எண்ணிக்கை உங்கள் டிஃபரன்ஷியலோடு பொருந்த வேண்டும், எண்ணிப் பார்த்துவிட்டே ஆர்டர் போடுங்கள். ஹை ஸ்பீடு கியர் செட் பக்கம் போகவே வேண்டாம். இப்போது இருக்கும் 12:1 மாதிரியான விகிதத்தை 6:1 ஆக்கினால் சக்கரத்தில் இழுவை பாதியாகிவிடும்.

லித்தியம் போடலாமா என்றும் யோசிப்பீர்கள். பணம் இருந்தால் மேட்டுக்கு அது நல்ல தீர்வு. ஆறு லெட் ஆசிட் பேட்டரி 170 கிலோ வரும், ஒரு 48 வோல்ட் 100 ஆம்பியர் அவர் லித்தியம் செட் அதில் மூன்றில் ஒரு பங்குகூட இருக்காது. நூறு கிலோவுக்கு மேல் குறைகிறது, லோடில் வோல்ட்டேஜும் அதிகம் சரியாது. ஆனால் வாங்குபவர்கள் ஆம்பியர் அவரைப் பார்க்கிறார்களே தவிர பிஎம்எஸ் (பேட்டரியைப் பாதுகாக்கும் உள் சர்க்யூட்) எத்தனை ஆம்பியர் விடும் என்று பார்ப்பதில்லை. தொடர்ந்து 100 ஆம்பியர், சில நொடிக்கு 200 என்று எழுதியிருக்கிற பேட்டரியை வைத்துக்கொண்டு 400 ஆம்பியர் கண்ட்ரோலரோடு மேட்டில் ஏறினால், நடுவழியில் பிஎம்எஸ் கட் செய்துவிடும். நான்கு பேரோடு சரிவில் அப்படியே நிற்பீர்கள். உங்கள் கணக்குக்குத் தொடர்ந்து 200, உச்சத்தில் 300-க்கு மேல் தருகிறதாக இருக்க வேண்டும், அல்லது இரண்டு பேட்டரியை இணையாகப் போட வேண்டும். 12 வோல்ட் லித்தியம் நான்கைத் தொடராகப் போடுவதென்றால் தயாரிப்பாளர் அதை அனுமதித்திருக்கிறாரா என்று கையேட்டில் பாருங்கள்.

பவர் கூடினால் பிரேக்கும் கூட வேண்டும். பெரும்பாலான கார்ட்டுகளில் பின் சக்கரத்தில் மட்டும்தான் டிரம் பிரேக். 20 கி.மீ. வேகம் 30 ஆனால் நிறுத்த வேண்டிய ஆற்றல் இரண்டே கால் மடங்காகிறது. அதுவும் நான்கு பேர், உயரமான டயர், குறுகிய சக்கர இடைவெளி. திருப்பத்தில் கவிழ்வது இந்த மாதிரி வண்டிகள்தான். பிரேக் ஷூ, கேபிள் இரண்டையும் புதுப்பித்துவிட்டு, முடிந்தால் முன் சக்கர டிஸ்க் கிட் போட்டுவிட்டு வேகத்தைப் பற்றி யோசியுங்கள். பொதுச் சாலையில் ஓட்டுவதாக இருந்தால் வேகம் கூட்டியதுமே சட்டத்தின் கண்ணில் அது வேறு வகை வண்டியாகிவிடக்கூடும். அமெரிக்காவில் மணிக்கு 20 மைலைத் தாண்டினால் கண்ணாடி, சீட் பெல்ட் எல்லாம் கேட்கும் தனிப் பிரிவு 1998 முதல் இருக்கிறது.

ஆக உங்கள் வண்டிக்கு: அளந்து பார்த்துவிட்டு, பேட்டரி பழசு என்றால் 48 வோல்ட், 50 ஸ்கொயர் எம்எம் கேபிள், 400 ஆம்பியர் சோலனாய்டு, 400 ஆம்பியர் கண்ட்ரோலர், பிரேக். டயரை 20 அங்குலத்துக்காவது இறக்க முடிந்தால் இன்னும் நல்லது. பேட்டரி புதிதாக, நன்றாக இருந்தால் 36-லேயே கேபிளும் 400 ஆம்பியர் கண்ட்ரோலரும் போட்டு ஓட்டிப் பாருங்கள், அதுவே போதுமானதாக இருக்கலாம்.

வேலை செய்யும்போது மோதிரம், வாட்ச் கழற்றிவிடுங்கள். ஸ்பேனரின் கைப்பிடியில் டேப் சுற்றிக்கொண்டு, முதலில் செட்டின் மெயின் நெகட்டிவைக் கழற்றி, கண்ட்ரோலர் கெப்பாசிட்டர் இறங்கச் சில நிமிடம் விட்டு ஆரம்பியுங்கள். எல்லாம் மாட்டி முடிந்ததும் புதுக் கண்ட்ரோலரில் கரண்டை முதலில் 80 சதவீதத்துக்கும், ஆக்சிலரேட்டர் ஏறும் வேகத்தை மெதுவாகவும் செட் செய்து, அதே மேட்டில் இரண்டு மூன்று முறை ஏறுங்கள். ஒவ்வொரு முறையும் லக், சோலனாய்டு, மோட்டார் மூன்றையும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால் பாருங்கள். ஒரு லக் மட்டும் மற்றவற்றைவிடச் சூடாக இருந்தால் அதைத் திரும்பக் கழற்றிச் சுத்தம் செய்து மாட்டிவிட்டு, அதற்கப்புறம் 100 சதவீதத்துக்கு ஏற்றுங்கள்.